ஆண்டவர் கொடுக்காத பாட்டு

அந்தப் பாட்டை ஆண்டவர் எனக்குக் கொடுக்கவில்லை. நான் திருடினேன்!

நான்கு வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. போதகரிடம் பாதி சொன்னேன். அது சொல்லாததைவிட மோசமாகப் போயிற்று. இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? உங்களை எனக்குத் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. கோழை என்று நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

என் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. உத்திரமேரூர் பஜாருக்குப் பின்னால் ஒரு சிறிய கடை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். கொல்லைகளுக்கு, எங்கள் பக்கம் வயலைத்தான் அப்படிச் சொல்வோம், நேரில் போயும் வேலை செய்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கீபோர்டுக்காரன். சாலவாக்கம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட எங்கள் சபையில், இருபது வருடமாக வாசிக்கிறேன். பாட்டு நடத்துவதும் நானே.

பிறவிக் கிறிஸ்தவன். நடக்கத் தெரியும் முன்பே கைதட்டத் தெரிந்தவன் என்று என் அம்மா பெருமையாகச் சொல்வாள். கைதட்டத் தெரிந்தது உண்மை. விசுவாசிக்கத் தெரிந்ததா? அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கீபோர்டுக்காரனுக்குச் சில இரகசியங்கள் உண்டு. போதகர் ஜெபிக்கும்போது, கீழே மெல்லிய ஒரு ஒலியைப் பிடித்து வைத்திருப்பேன். அவர் குரல் உயரும்போது சுருதியை அரைப்படி ஏற்றுவேன். முன்வரிசையில் கைகள் உயரும். இன்னும் ஒரு அரைப்படி... பின்வரிசையில் பெண்கள் அழத் தொடங்குவார்கள். "ஆவியானவர் அசைவாடுகிறார்!" என்பார் போதகர். நானும் ஆமென் என்பேன். அசைந்தது என் சுண்டுவிரல் என்று எனக்கு மட்டும் தெரியும்.

சமைத்தவளுக்குச் சாப்பாடு இறங்காது என்பார்கள். அந்தக் கதைதான் எனக்கும். இருபது வருடம் அடுத்தவர்களை அழவைத்தேன். என் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. அவர் இருக்கிறாரா, அல்லது இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் இருக்கின்றனவா? இந்தக் கேள்வி எனக்குள் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை. ஆனால் ஞாயிறு வாராவாரம் வந்துவிடுகிறது. கை வாசித்துவிடுகிறது.

சரி, திருட்டுக்கு வருகிறேன். சுற்றி வளைப்பது என் பழைய குணம்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம். புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனத்தைப் போதகர் அறிவிப்பார். அட்டையில் அச்சடித்துக் கொடுப்போம், எல்லோரும் வீட்டுக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள். வசனத்தோடு ஒரு புதுப் பாட்டும் வர வேண்டும். முன்பெல்லாம் வேறு யாரோ பாடியதை நாங்களும் பாடிச் சமாளித்தோம். யூடியூப் வந்த பிறகு அது எடுபடவில்லை. ஒரு நவம்பர் மாதம் போதகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், பக்கத்து ஊரு சபையில சொந்தமா பாட்டு போட்டுக்கினு கீறாங்க. எவ்ளோ பேரு பாக்கறாங்க தெரியுமா? நாம மட்டும் இன்னும் எரவல் பாட்டே பாடிக்கினு இருந்தா எப்பிடி? உபவாசம் இருங்க. ஆண்டவர் குடுப்பாரு."

இருந்தேன். மூன்று நாள். பசி வந்தது. எரிச்சல் வந்தது. மனைவியிடம் சண்டை வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை! கீபோர்டில் கை வைத்தால் எங்கோ டீக்கடையில் கேட்ட சினிமா மெட்டுத்தான் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. என்ன ஆண்டவரே இது, கேட்டவனுக்குக் கொடுப்பீர் என்றார்களே... என்று ஒரு முறை வாய்விட்டே கேட்டேன்.

நான்காம் நாள், சாலவாக்கத்துக்கு அப்பால் ஒரு கொல்லையில் மோட்டார் ஓடவில்லை என்று அழைத்தார்கள். மழைச் சேறு. வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து போனேன். மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஸ்டார்ட்டரைச் சரி செய்தேன். ஓட்டிப் பார்க்க வேண்டும். த்ரீ ஃபேஸ் கரண்ட் மதியம் மூன்று மணிக்குத்தான் வரும். சாவியைக் கொடுத்துவிட்டு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கொட்டகைக்குள் சுவரில் சாய்ந்து காத்திருந்தேன்.

அப்போது ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பக்கத்துக் கொல்லை வரப்பில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் மகள் ரேவதி, ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த பெண், காய்ச்சலில் படுத்து மூன்றே நாளில் இறந்துபோனாள். நாற்பது நாள் ஆகியிருக்கும். சுற்றுவட்டாரமே பேசிய சாவு அது.

சாவு வீட்டு ஒப்பாரியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து, மாரடித்து, ஒருத்தி விட்ட வரியை இன்னொருத்தி பிடித்துக்கொள்வது. இது அப்படி இல்லை. ஒற்றைக் குரல். பக்கத்தில் வாங்கிப் பாட யாரும் இல்லை. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவளே காத்திருந்து, அவளே தொடர்ந்தாள்.

*மானம் கறுக்கலியே மழையேதும் பெய்யலியே*
*ஏரி நெறையலியே எங்கண்ணு நெறஞ்சிடுச்சே*

என் விரல் தானாகக் கைபேசிக்குப் போயிற்று... இல்லை, இப்போதாவது ஒழுங்காகச் சொல்கிறேன். தானாகப் போகவில்லை. கைபேசியை எடுத்தது நான். பதிவு செய்யும் இடத்தைத் தேடி அழுத்தியது நான். சத்தம் தெளிவாக வரட்டும் என்று கதவிடுக்கில் கொண்டுபோய் வைத்ததும் நான்!

பதினொரு நிமிடம். நான் தொண்டையைச் செருமியிருக்கலாம். ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டிருந்தால் கூட அவள் எழுந்து போயிருப்பாள். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். பாடி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அரிவாளை எடுத்து ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எதிரில் யாராவது பார்த்திருந்தால், மாட்டுக்குப் புல்லுக்கு வந்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த வாரமே பாட்டு தயாராகிவிட்டது. பிரமாதமான வேகம்! மெட்டில் கை வைக்கவே இல்லை. தாளத்தை மட்டும் கூட்டினேன். அவள் 'மகளே' என்று இழுத்த இடத்தில் 'இயேசுவே' என்று போட்டேன்.

*மானம் கறுக்கும்முன்னே மழையாய் வந்தவரே*
*ஏரி நிறையும்முன்னே என் கண்ணீர் துடைத்தவரே*

வரி முடிவில் அவள் தொண்டை ஒரு முறை உடைந்து ஒட்டிக்கொண்டதே, அதைக்கூட விடவில்லை. பத்து முறை கேட்டுக் கேட்டு, என் தொண்டையை அப்படியே உடைக்கப் பழகினேன்.

புத்தாண்டு ஆராதனையில் பாடினேன். பாடிவிட்டு நிறுத்தியிருக்கலாம். சாட்சி சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "மூன்று நாள் உபவாசத்தின் முடிவில், விடியற்காலையில், ஆண்டவர் என் காதருகே இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினார்" என்றேன். தகரக் கூரை அதிர அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வியர்க்கக்கூட இல்லை. இருபது வருடப் பழக்கம்...

பாட்டு பரவியது. ஆட்டோவில் கேட்டது. கல்யாண வீட்டில் கேட்டது. காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு சபைகள் என்னை அழைத்துப் பாடவைத்தன. எங்கே போனாலும் விடியற்காலைக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அதற்கு மெருகு ஏறியது. ஒரு கூட்டத்தில், அறையில் வெளிச்சம் வந்தது என்றுகூடச் சொன்னேன்!

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, கன்னியம்மா எங்கள் சபைக்குள் வந்தாள்.

நெற்றியில் குங்குமம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள். என் கை கட்டையில் இடறியது. கண்டுபிடித்துவிட்டாள், எல்லோர் முன்பும் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாட்சி நேரத்தில் அவள் கை தூக்கினாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு செத்துப்பூட்டா. காரியம் முடிஞ்சதும் வூட்ல என்ன அயவுடல. பெரியவனுக்குப் பொண்ணு பாத்துக்கினு கீறோம், வெளக்கு ஏத்தற வூட்ல பொம்பள அயுதா நல்லது தங்காதுன்னுட்டாங்க. கொல்லியில போயி ஒக்காந்து அயுதேன். ஒரு ஈ காக்கா கெடையாது. போன வாரம் நூறு நாள் வேலையில கால்வா தூர்வாரிக்கினு இருந்தோம். இந்தா, இவங்க போனுல ஒரு பாட்டு போட்டாங்க. மண்ணு பாண்ட கீய போட்டுட்டேன். அது எம்பாட்டு. நான் அயுத பாட்டு. யாரு பாட்டுன்னு கேட்டேன். ஆண்டவரு எங்க பிரதருக்குச் சொல்லிக் குடுத்த பாட்டுன்னாங்க."

மைக்கை விடாமல் முகத்தை மேலே தூக்கினாள்.

"நான் அயுதது யாருக்குமே தெரியாது. அவரு கேட்டுகீறாரு. கேட்டாதான சொல்லிக் குடுக்க முடியும்? அப்போ அவரு அங்க இருந்தாரா இல்லியா?"

அங்கே இருந்தது நான்! கொட்டகைக்குள், கைபேசியைப் பிடித்துக்கொண்டு, நான்! எழுந்து சொல்லியிருக்க வேண்டாமா? சபையே அழுதது. போதகர் அழுதார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுருதியை அரைப்படி ஏற்றினேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. என்னை 'மோட்டார்காரு' என்று கூப்பிட்டவள் 'பிரதரு' என்று கூப்பிடத் தொடங்கினாள். சில நேரம் மறந்து 'தம்பி' என்பாள்.

மூன்று மாதத்தில் ஞானஸ்நானம் கேட்டாள். எங்கள் சபையில் தொட்டி கிடையாது. விசுவாசி ஒருவரின் கொல்லையில் பம்புசெட் தொட்டியில் நீர் நிரப்பித்தான் கொடுப்போம். மோட்டாரைப் போடுவது என் வேலை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலையில் அவள் தொட்டி ஓரம் நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்று பக்கத்தில் போனேன்.

"அக்கா... ஒரு விசயம் சொல்லணும்."

"இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாரி கீது? முயுகப் போறது நானு. எனக்கே பயமில்ல, உனக்கு இன்னா பயம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் இறங்கினாள்.

அவள் கொடுத்த விலை என்னவென்று கேளுங்கள். கணவன் வீட்டில் அடுப்புப் பக்கம் வராதே என்றார்கள். அவளுக்கு மட்டும் பின்புறம் தனி அடுப்பு. மகளின் தலைத் திவசம் முடிந்து மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மணமேடையில் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய நாத்தனார் நின்றாள். சம்பந்திகள் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். கன்னியம்மா நான்காவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மகன் தாலி கட்டுவதைப் பார்த்தாள். மறு ஞாயிறு சபைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "பரவால்ல, எம்பொண்ணுக்காக அவரு பாடனாரே, அத்த வுடவா இது பெரிசு?" என்றாள். அந்தப் பாட்டைப் பாடச் சொன்னாள். பாடினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டினாள்.

இப்போது சொல்லுங்கள். நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு என்ன மிச்சம்? வீடு போயிற்று, மேடை போயிற்று, அந்த ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதையும் பிடுங்குவதா? இப்படி ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். நல்ல நியாயம். அதற்குள் என் பெயரும் பத்திரமாக இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

ஹார்டுவேர் கடை பாயிடம் ஒரு முறை கேட்டேன். செப்புக் கம்பி வாங்குவது அவரிடம்தான்.

"பாய், ஒருத்தன் பொய் சொல்றான். அத்தக் கேட்டு இன்னொருத்தருக்குக் கடவுள் மேல நம்பிக்க வந்துடுச்சி. அந்த நம்பிக்க நெசமா, பொய்யா?"

பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலங்காத்தால இன்னா பேஜாரு இது? யாரு சொன்ன பொய்யி?"

"சும்மா கேக்கறேன்."

"சும்மா கேக்கறவன் மூஞ்சி இப்பிடி இருக்காது. எத்தன கேஜு கம்பி வேணும், அத்தச் சொல்லு."

போதகரிடம் போனேன். அந்தப் பாட்டின் மெட்டு ஏதோ ஒப்பாரி மெட்டுப் போல இருக்கிறதே பாஸ்டர் என்று இழுத்தேன். மேற்கொண்டு கேட்பார், சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. அவர் என் தோளில் தட்டினார். "ஒப்பாரியையும் ஆண்டவர் ஆனந்தமா மாத்துவாரு பிரதர்! அடுத்த வாரம் இதையே சாட்சியா சொல்லுங்க!" என்றார். சொன்னேன். அல்லேலூயா என்றார்கள்.

ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. அன்று கரண்டை நிறுத்தி வைத்தது யார்? என்னை அந்தக் கொட்டகையில் உட்காரவைத்தது யார்? ஒருவேளை அவர் என் கையாலேயே... சீ! பிடிபடாத திருடன் கடவுளுக்கு நன்றி சொல்லும் பிழைப்பு இது. ஆனாலும் அந்த யோசனை போகமாட்டேன் என்கிறது. அவள் கேட்டாளே, அவரு அங்க இருந்தாரா இல்லியா என்று. எனக்கும் அது தெரிய வேண்டும். அவளைவிட எனக்குத்தான் அதிகமாகத் தெரிய வேண்டும்!

போன வருடம் ஆராதனை முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா வந்து நின்றாள்.

"தம்பி, அன்னிக்கி நான் நெறைய பாடனேன். உம்பாட்டுல ரெண்டு வரிதான் கீது. மீதி இன்னா பாடனேன்னு எனக்கே நெனப்பு இல்ல. எவ்ளோ யோசிச்சாலும் வரமாட்டுது. நீ அவரக் கேளேன். அவருக்கு நெனப்பு இருக்கும்."

பதினொரு நிமிடமும் என் சட்டைப் பையில் இருந்தது. கைபேசியை மாற்றினாலும் அந்தப் பதிவை மட்டும் ஒவ்வொரு முறையும் புதியதில் ஏற்றிக்கொள்கிறேன். ஏன் அழிக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். அன்று அதை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். அக்கா, இதோ உன் குரல், உன் பிள்ளைக்காக நீ அழுதது, முழுதாக இருக்கிறது... அவ்வளவுதான். காலில் விழுந்திருந்தால் மன்னித்தும் இருப்பாள்.

"ஜெபம் பண்றேன் அக்கா" என்றேன்.

அன்று கடைக்குப் போய், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டேன். ஏழாவது நிமிடத்தில் இப்படி வருகிறது:

*வரப்பு மணத்தக்காளி வாய்நெறயத் தின்னவளே*
*வாய்க்கரிசி போட்டேனே வாங்காமப் போனியே*

அடுத்த ஞாயிறு கீபோர்டு முன் கண்மூடி உட்கார்ந்து, ஏதோ இறங்கி வருவது போலச் சற்றுத் தாமதித்து, புதுச் சரணம் பாடினேன். *வரப்பு மணத்தக்காளி வாய்நிறையத் தின்றவளை, மார்போடு அணைத்தீரே, மடியில் வைத்தீரே.* முதல் முறை செய்தது திருட்டு. பேராசையில் செய்தேன் என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர்? ஆற அமர, முழு நினைவோடு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

கன்னியம்மா முழங்காலில் விழுந்தாள். "மணத்தக்காளி தின்னுட்டு நாக்கு கறுத்துப்பூடும் அவளுக்கு... அத்த யாருக்குத் தெரியும்! எம்பொண்ணு அவருகிட்டதான் கீறா!" என்று கத்தினாள். அன்று என் கண்ணில் தண்ணீர் வந்தது. இருபது வருடத்தில் முதல் முறை. போதகர் அதையும் மைக்கில் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். சுமந்துகொண்டே செத்திருப்பேன்.

ஒரு மாதத்துக்கு முன் கன்னியம்மா இன்னொரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். தனலட்சுமி என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊர். அவளுடைய ஒரே மகன் ஏரியில் மண் எடுத்த பள்ளத்தில் மூழ்கிப்போனான். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்னியம்மாதான் பேசினாள்.

"பிரதரு, இவங்களும் தனியா ஒக்காந்து புள்ளைய நெனச்சிப் பாடிக்கினு கீறாங்க. எங்க பாடனாங்க, இன்னா பாடனாங்க, எதையும் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிகீறேன். சொன்னா, கேட்டுட்டு நீயே கட்டனதுன்னு நாளைக்கி ஊரு பேசும். நீ அவருகிட்ட கேட்டு வாங்கிக் குடு."

எவ்வளவு கவனமாக இருக்கிறாள் பாருங்கள்! எனக்கு அவப்பெயர் வரக் கூடாதாம்!

தனலட்சுமி கைகூப்பினாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "ஜெபம் பண்றேம்மா" என்றேன்.

ஜெபித்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், இந்த முறை உண்மையாகவே ஜெபித்தேன். கடையைச் சாத்திவிட்டு, கீபோர்டு இல்லாமல், வெறும் தரையில் முழங்காலிட்டுக் கேட்டேன். எனக்காக வேண்டாம் ஆண்டவரே, அவளுக்காக ஒரு வரி, ஒரே ஒரு வரி, அது அவள் பாடிய வரியாக இருக்கட்டும்... நீர் இருந்தால்! அப்படிக் கேட்டேன். பஜாரில் பஸ் ஹாரன் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்டேன். நான் சொல்லும் ஜெபத்தை நானே கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று பாதியில் தெரிந்தது. எது ஜெபம், எது மெட்டுத் தேடுவது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் தனலட்சுமி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் போயிற்று. இரண்டாம் வாரம் போயிற்று. கன்னியம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிப்பாள், அவசரமில்லை என்பது போல. நான்காம் வாரம், போன ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் தனலட்சுமி எழுந்து வந்தாள். என்னிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவங்க பொண்ணுக்குப் பாடனாரே... எம்புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்குப் பாடமாட்டறாரு? அவன் இன்னா தப்பு பண்ணான்?"

எதிரில் கன்னியம்மா. பக்கத்தில் போதகர். இரண்டு அடி தள்ளி நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் விசுவாசம் வேணும்மா."

சொன்னேன்! என் வாய்தான் சொன்னது! அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. அப்படியா என்பது போலத் தலையை அசைத்தாள். குறை எங்கே என்று தெரிந்துவிட்ட ஒரு தெளிவு அவள் முகத்தில் வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நேற்று கன்னியம்மா போனில் பேசினாள். "பிரதரு, தனம் செவ்வாக்கெயம புடிச்சி ஒண்ணும் சாப்புடல. வெறுந்தண்ணிதான். பாட்டு வர்ற வரைக்கும் உபவாசம்னுட்டா. தனியா கெடக்கறாளேன்னு நானும் கூட சேந்துக்கினேன். நீ ஒயுங்கா கேளு தம்பி அவர" என்றாள். குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தது. சரி அக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அவர்கள் இரண்டு பேரும் பட்டினி. நான் காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன்.